85 எஃப்/1.8 கையில் இருக்கு. 105 மேக்ரோ வாங்கினா ஒரே வேலைக்கு ரெண்டு லென்ஸ் ஆயிடுமா?

இலைநரம்பு

கேமரா நிக்கான் இசட் 6 டூ. லென்ஸ் மூணு இருக்கு: 24-120 எஃப்/4, 50 எஃப்/1.8, 85 எஃப்/1.8 (முதல் எண் மி.மீ.ல குவியத் தூரம்; எஃப் எண் சின்னதா இருந்தா லென்ஸோட துளை பெருசு). மூணும் இசட் மவுன்ட், எஸ் வரிசை. அதிகமா எடுக்கறது ஆட்களை, அதுவும் வீட்டுக்குள்ள ஜன்னல் வெளிச்சத்துல. அடுத்தது சின்னப் பொருட்கள்: மோதிரம், கைக்கடிகாரம், நாணயம். பூச்சி பக்கம் போற எண்ணம் இல்லை. பழைய 35 மி.மீ. நெகட்டிவ் கொஞ்சம் கிடக்கு, அதையும் கேமராவுலயே நகல் எடுத்து வைக்கணும்.

இப்போ கண்ணு இசட் எம்சி 105 எஃப்/2.8 மேக்ரோ (சின்னப் பொருளை ரொம்பக் கிட்டப் போய் எடுக்கற லென்ஸ்) மேல. தயக்கம் என்னன்னா, 105-ங்கற தூரம் 24-120 ஜூமுக்குள்ளயே வந்துடுது. 85-க்கும் 105-க்கும் நடுவுல பெரிய இடைவெளி கிடையாது. ஜூமும் ஓரளவு கிட்டப் போய் ஃபோகஸ் பண்ணுது. அப்போ நாலாவது லென்ஸ் புதுசா ஏதாவது தருமா, இல்ல இருக்கறதையே திரும்ப வாங்கறேனா? இதை எதை வச்சு முடிவு பண்றது? "அருமையான லென்ஸ், கண்ணை மூடிட்டு வாங்குங்க"ன்னு மட்டும் சொல்லாதீங்க. அருமைங்கறதுல எனக்கும் சந்தேகம் இல்லை.

சட்டகம்

மி.மீ. எண்ணை மட்டும் பார்த்தா குழப்பம் தீராது. ஒரு லென்ஸ் இன்னொண்ணோட வேலையைச் செய்யுதான்னு பார்க்க நாலு கணக்கு போதும்: பார்வைக் கோணம், லென்ஸுக்குள்ள வெளிச்சம் வர்ற துளையோட விட்டம், கிட்டத்துல கிடைக்கற உருப்பெருக்கம், வெளிச்சம். இந்த நாலுல எதுலயாவது, நீங்க நிஜமா எடுக்கற படத்துல தெரியற அளவுக்கு வித்தியாசம் வந்தா அது தனி லென்ஸ். வரலைன்னா இருக்கறதே போதும்.

முதல்ல கோணம். ஃபுல் ஃப்ரேம்ல (36-க்கு 24 மி.மீ. சென்சார்) மூலைக்கு மூலை 85 மி.மீ. தர்றது 28.5 டிகிரி, 105 தர்றது 23 டிகிரி. 85-ல எடுத்த படத்தை 105 அளவுக்கு வெட்டினா 65 சதவீதப் பரப்பு மிஞ்சும். உங்க 24 மெகாபிக்சல்ல கிட்டத்தட்ட 16 கையில நிக்குது. வெறும் கோணத்துக்காக 105 வாங்கறது வீண். பொதுவா ஒரு பிரைமுக்கும் (ஜூம் ஆகாத, ஒரே குவியத் தூர லென்ஸ்) அடுத்த பிரைமுக்கும் 1.4 மடங்காவது இடைவெளி இருந்தாத்தான் மாத்திப் போடத் தோணும். 35-லேருந்து 50 அப்படி, 50-லேருந்து 85 இன்னும் தாராளம். 85-லேருந்து 105 வெறும் 1.24.

ரெண்டாவது, துளை விட்டம். மி.மீ. எண்ணை எஃப் எண்ணால வகுங்க. ஆளை ஒரே அளவுக்கு ஃப்ரேம்ல வச்சு எடுத்தா, ரொம்பத் தூரத்துல இருக்கற பின்புலம் எவ்வளவு மங்கும்ங்கறதை முடிவு பண்றது இந்த விட்டம்தான். 85 எஃப்/1.8-க்கு 47 மி.மீ. வருது. 105 எஃப்/2.8-க்கு 37.5. உங்க ஜூம் 120 முனையில எஃப்/4-க்கு 30, 50 எஃப்/1.8-க்கு 28. அந்தக் கடைசி ரெண்டு எண்ணை இன்னொரு தடவை பாருங்க. திறந்த வெளியில பின்புலம் கரையணும்னு மட்டும் 50-ஐ மாட்டிட்டு இருந்தீங்கன்னா, அந்த வேலையை ஜூமே செஞ்சுடும். இரட்டைப் பிரச்சனை புதுசா வர்ற லென்ஸ்லதான் இருக்கணும்னு இல்லையே.

இதுல ஒரு வசதி என்னன்னா, 105-ஐ வாங்காமலே அதோட மங்கல் எப்படி இருக்கும்னு பார்த்துக்கலாம். 85-ஐ எஃப்/2.2-ல வச்சு, முகம் அதே அளவுக்கு வர்ற மாதிரி நின்னு எடுங்க. விட்டம் 38.6 வருது, ஏறக்குறைய அதேதான். அந்தப் படம் உங்களுக்குப் போதும்னா, ஆட்களுக்கு 105 புதுசா எதுவும் தரப்போறதில்லை.

மூணாவதுலதான் கதை மாறுது. 85-ஓட அதிகபட்ச உருப்பெருக்கம் (சென்சார்ல விழற பிம்பத்தோட அளவைப் பொருளோட நிஜ அளவால வகுத்தது) 0.12. கிட்டத்துல 80 செ.மீ. வரைக்கும்தான் வரும், அங்கே ஃப்ரேம்ல அடங்கறது 30 செ.மீ. அகலம். 50-க்கு 0.15. 24-120-க்கு 0.39, அதாவது 92 மி.மீ. அகலம், 61 மி.மீ. உயரம். மேக்ரோவுக்கு 1, அதாவது சென்சார் அளவான 36-க்கு 24 மி.மீ. பரப்பு ஃப்ரேம் முழுக்க வரும்.

20 மி.மீ. விட்டமுள்ள மோதிரத்தை ஜூம்ல முடிஞ்ச அளவு கிட்ட எடுத்தா, அது ஃப்ரேம் உயரத்துல மூணுல ஒரு பங்கு வரும், சுமார் 1300 பிக்சல். வலைத்தளத்துல போட இது தாராளம். கல் பிடிப்போட நகக்கொக்கி, உள்பக்க முத்திரை இதெல்லாம் தனியாத் தெரியணும்னா போதாது. உங்களுக்கு வேண்டியது இதுல எதுன்னு தெளிவானா பாதிக் கேள்வி முடிஞ்சது.

வெளிச்சத்தைப் பத்தி அதிகம் சொல்ல ஒண்ணும் இல்லை. 1.8-லேருந்து 2.8-க்கு ஒன்றேகால் ஸ்டாப் குறையும் (ஒரு ஸ்டாப்னா வெளிச்சம் பாதியாகறது). ஜன்னல் ஓரத்துல 85 ஐஎஸ்ஓ (சென்சாரோட ஒளி உணர்திறன்) 3200 கேட்கற இடத்துல 105 கிட்டத்தட்ட 8000 கேட்கும்.

மங்கலொளி

சட்டகம் சொன்ன விட்டக் கணக்கு சரிதான். ஆனா அது பின்புலம் ரொம்பத் தள்ளி இருந்தா மட்டும்தான் செல்லும். கேள்வி கேட்டவர் எடுக்கறது வீட்டுக்குள்ள. அங்கே சுவர் ஆளுக்குப் பின்னால ஒரு மீட்டர்ல நிக்கும். அந்த இடத்துல கணக்கு வேற.

தலையும் தோளும் வர்ற படம், நெடுக்கு ஃப்ரேம்ல 60 செ.மீ. உயரம் அடங்கணும்னு வச்சுக்குவோம். 50-க்கு ஆள்கிட்டேருந்து சுமார் 90 செ.மீ.ல நிக்கணும். 85-க்கு ஒன்றரை மீட்டர், 105-க்கு 1.85, 120-க்கு 2.1. பின்னால ஒரு மீட்டர்ல சுவர். துளை விட்டத்தைச் சுவரோட தூரத்தால பெருக்கி, கேமராவுலேருந்து சுவர் வரைக்கும் உள்ள மொத்தத் தூரத்தால வகுத்தா, சுவர்ல இருக்கற ஒரு புள்ளி முகத்தோட அளவுல எவ்வளவு பெரிய வட்டமாப் பரவும்னு கிடைக்கும். 85 எஃப்/1.8-க்கு 19 மி.மீ., 50 எஃப்/1.8-க்கு 15, 105 எஃப்/2.8-க்கு 13, 120 எஃப்/4-க்கு 10.

வரிசை மாறிப்போச்சு பாருங்க. வெளியில 105-க்குப் பின்னால நின்ன 50, அறைக்குள்ள அதைத் தாண்டிடுது. அதனால 85-ஐ வச்சு 105-ஐ ஒத்திகை பார்க்கறதுன்னா, அறைக்குள்ள எஃப்/2.2 வேண்டாம், எஃப்/2.5 வைங்க. 2.2-ல பார்த்துட்டு வாங்கினா, அறைக்குள்ள நினைச்சதைவிட மங்கல் கொஞ்சம் கம்மியாத்தான் வரும்.

50-ல அவ்வளவு கிட்டப் போனா மூக்கு முன்னால வரும், காது பின்னால போகும். அது தனிப் பிரச்சனை. இடுப்பு வரைக்குமோ முழு ஆளுமோ எடுக்கத்தான் அது தோது. முழு ஆள், ஃப்ரேம்ல ரெண்டு மீட்டர் உயரம்னா 85-க்கு 4.8 மீட்டர் பின்னால போகணும், 105-க்குக் கிட்டத்தட்ட 6. உங்க அறையில அவ்வளவு நீளம் இருக்கான்னு அளவு நாடாவை எடுத்து அளந்துக்கங்க. லென்ஸைப் பத்தின நிறையக் கேள்வி நாடாவுலயே தீரும்.

ஏற்கனவே எடுத்து வச்ச படங்களையும் கேளுங்க. லைட்ரூம் கிளாசிக் மென்பொருள்ல நூலகப் பகுதியில மெட்டாடேட்டா (படத்தோட சேர்ந்து பதியற தகவல்) வடிகட்டி இருக்கு. ஒரு பத்தியில லென்ஸ், அடுத்ததுல குவியத் தூரம், மூணாவதுல அப்பர்ச்சர் (எஃப் எண்)னு வைங்க. லைட்ரூம் இல்லாதவங்களுக்கு டிஜிகாம் இலவசம். எக்ஸிஃப்டூல் தெரிஞ்சா எல்லாத்தையும் ஒரே அட்டவணையா வெளியே எடுத்துடலாம். எடுத்த படம் எல்லாத்தையும் எண்ணக்கூடாது. வச்சுக்கிட்டது, யாருக்காவது கொடுத்தது, அச்சுப் போட்டது, இதுங்களை மட்டும் வடிகட்டுங்க. எடுத்த எண்ணிக்கையில பழக்கம்தான் தெரியும், எது உதவுச்சுன்னு தெரியாது.

அதுல பார்க்க வேண்டியது: 85-ல எடுத்து வச்சுக்கிட்ட படங்கள்ல எத்தனை எஃப்/3.2-க்குக் கீழ? பெரும்பாலும் எஃப்/4, 5.6-னு இருந்தா, உங்களுக்கு இரட்டையா இருக்கறது 85-ம் ஜூமும்தான். மேக்ரோ அந்தப் பிரச்சனைக்குள்ளயே இன்னும் வரலை. அப்புறம் ஜூம் படங்கள் 120-ல குவிஞ்சு கிடக்குதான்னு பாருங்க. குவிஞ்சிருந்தா கை எட்டாமத்தான் அங்கே போய் நின்னிருக்கு. அந்தப் படங்களைத் திறந்து எதுக்காக அங்கே போனீங்கன்னு பாருங்க. தூரத்துல இருக்கறதை இழுக்கவா, சின்னப் பொருளைப் பெருசாக்கவா? முதலாவதுன்னா உங்களுக்கு வேண்டியது 70-200 மாதிரி ஒண்ணு, ரெண்டாவதுன்னா மேக்ரோ.

ஆனா இல்லாத லென்ஸ் தகவல்ல தடயம் விடாது. எடுக்க முடியாம விட்ட படம் அட்டவணையில வராது. வெட்டின படம் மட்டும்தான் அதுக்குச் சாட்சி. பாதிக்கு மேல வெட்டினது எதுன்னு தனியாத் தேடுங்க.

நுண்நோக்கி

நெகட்டிவ் விஷயத்தை யாரும் தொடவில்லை. இந்தக் கேள்விக்கு முடிவு சொல்வது அதுதான் என்பது என் கருத்து.

35 மி.மீ. நெகட்டிவின் ஒரு கட்டம் 36-க்கு 24 மி.மீ., அதாவது உங்கள் சென்சாரின் அளவு. 24-120-இன் 0.39-இல் எடுத்தால் அது சென்சார் பரப்பில் 15 சதவீதத்தை மட்டுமே நிரப்பும். 24.5 மெகாபிக்சலில் 3.7 மிஞ்சும். சிறிய அச்சுக்குப் போதும். நெகட்டிவில் உள்ள விவரத்தை முழுவதும் எடுத்ததாகாது. மேக்ரோவில் 1:1 (அதாவது உருப்பெருக்கம் 1) வைத்தால் 24-ம் கிடைக்கும். இந்த ஒரு வேலையில் உங்களிடம் இருக்கும் மூன்று லென்ஸ்களும் 105-க்கு ஈடு கிடையாது.

பிக்சலைத் தாண்டி இன்னொன்றும் உண்டு. மேக்ரோ லென்ஸ் தட்டையான பொருளை மூலை வரை ஒரே கூர்மையுடன் எடுக்கும்படி கிட்டத் தூரத்துக்கென்றே திருத்தப்பட்டது. சாதாரண ஜூமில் மிக அருகே போகும்போது குவியும் தளம் வளையும். நடுவில் ஃபோகஸ் பிடித்தால் மூலை நழுவும். மோதிரத்தில் இது கண்ணில் படாது, ஓரம் எப்படியும் மங்கல்தானே. நெகட்டிவ், நாணயம், அஞ்சல் தலை, பழைய ஆவணம் போன்ற தட்டைப் பொருட்களில் உடனே தெரியும்.

உங்கள் ஜூமில் இது எவ்வளவு என்று இன்றே பார்க்கலாம். பொடி எழுத்தில் அச்சான தாளைச் சுவரில் தட்டையாக ஒட்டுங்கள். ட்ரைபாடில் கேமரா, 120 மி.மீ., மிகக் கிட்டத் தூரம். தாளும் சென்சாரும் இணையாக இருக்க ஒரு எளிய வழி உண்டு: தாளின் நடுவில் சிறிய தட்டைக் கண்ணாடி ஒன்றை ஒட்டி, அதில் தெரியும் லென்ஸின் பிம்பம் ஃப்ரேமின் சரியான நடுவில் வரும்வரை கேமராவை நகர்த்துங்கள். பிறகு கண்ணாடியை எடுத்துவிட்டு எஃப்/4, 5.6, 8, 11 என நான்கு படம். நடுவிலும் நான்கு மூலைகளிலும் நூறு சதவீதத்தில் பாருங்கள். எஃப்/8-இல் மூலை எழுத்து சுத்தமாகப் படிக்க வந்தால், நாணயத்துக்கு ஜூமே போதும். நெகட்டிவ் நகலெடுக்கும்போதும் இதே கண்ணாடி வேலைதான், கண்ணாடியை ஃபிலிம் பிடிப்பானின் மேல் வைக்க வேண்டும்.

மேக்ரோ வாங்கினால் எதிர்பார்க்கக் கூடாதவை சில. 1:1 நெருக்கத்தில் எஃப்/2.8 கிடையாது. கிட்டப் போகப் போகத் துளை திறம்படச் சுருங்கும், நிக்கான் கேமரா அந்த மாறிய எண்ணையே திரையில் காட்டும். லென்ஸ் பழுதாகிவிட்டது என்று பதற வேண்டாம். கூர்மையாகத் தெரியும் ஆழம் 1:1-இல் திரை 8 காட்டும்போது ஏறக்குறைய அரை மி.மீ., 16 காட்டும்போது 1 மி.மீ. சுருண்ட ஃபிலிமைத் தட்டையாகப் பிடிக்காவிட்டால் இந்த ஆழத்துக்குள் அது அடங்காது. 16-க்கு மேல் மூடினால் ஒளிச்சிதைவில் படம் முழுவதும் மென்மையாகிவிடும், ஆழத்தில் பெற்றதைக் கூர்மையில் இழப்பீர்கள். மோதிரம் முழுவதும் கூர்மையாக வேண்டுமென்றால் ஃபோகஸைச் சிறிது சிறிதாக நகர்த்திப் பல படம் எடுத்து அடுக்க வேண்டியிருக்கும். இசட் 6 டூ-வில் அதற்கான ஃபோகஸ் ஷிஃப்ட் வசதி மெனுவிலேயே உண்டு. அடுக்கும் வேலையைக் கணினியில்தான் செய்ய வேண்டும்.

மாறாக, ஜூமில் 0.39-இல் எஃப்/8 வைத்தால் ஆழம் 4 மி.மீ.க்கு மேல் கிடைக்கும். வேலை எளிது. முழு மோதிரமும் பார்வைக்கு வந்தால் போதும் என்பவருக்கு மேக்ரோ சில சமயம் கூடுதல் தொல்லையே.

இலைநரம்பு

நெகட்டிவ் பத்தின கணக்கு கண்ணைத் திறந்துச்சு, நன்றி. ரெண்டு கேள்வி மிச்சம். ஒண்ணு, 85-லயோ ஜூம்லயோ எக்ஸ்டென்ஷன் குழாய் (கேமராவுக்கும் லென்ஸுக்கும் நடுவுல மாட்டற, கண்ணாடி இல்லாத குழாய்) போட்டு சமாளிக்க முடியுமா? ரெண்டு, மேக்ரோ வந்தா 85-ஐ வித்துடலாமா? ரெண்டையும் ஒரே பையில தூக்கறதுக்கு மனசு வரலை.

நுண்நோக்கி

குழாய் தரும் கூடுதல் உருப்பெருக்கம் என்பது குழாயின் நீளத்தை லென்ஸின் மி.மீ. எண்ணால் வகுத்தது. 20 மி.மீ. குழாய் என்று வைத்தால் 85-இல் 0.24 கூடி மொத்தம் 0.36 வரை போகும். அதை உங்கள் ஜூம் குழாயே இல்லாமல் தருகிறது. 50-இல் 0.4 கூடி 0.55 வரும், ஆனால் பொருள் முன்கண்ணாடிக்கு மிக அருகே வந்துவிடும், லென்ஸின் நிழலே மோதிரத்தின் மேல் விழும். ஜூமில் 120 முனையில் 0.17 கூடி ஏறக்குறைய 0.56. உள்ளுக்குள் நகரும் ஃபோகஸ் அமைப்பு என்பதால் இவை தோராயமான எண்களே.

0.56-இல் நெகட்டிவ் 7.7 மெகாபிக்சலாக வரும். 3.7-ஐ விட நல்ல முன்னேற்றம்தான், ஆனால் மூலை மென்மை அப்படியே இருக்கும், இன்னும் கூடலாம். குழாய் போட்டிருக்கும்வரை தூரத்தில் ஃபோகஸ் வராது. மின்தொடர்புப் புள்ளிகள் உள்ள குழாயாகப் பார்த்து வாங்குங்கள். இசட் லென்ஸ்களில் துளையும் ஃபோகஸும் கேமரா வழியாகத்தான் இயங்கும், வெறும் வளையத்தில் இரண்டும் செத்துப்போகும்.

கொஞ்சம் நெகட்டிவ், அவ்வப்போது மோதிரம் என்றால் குழாயில் தொடங்கலாம். பெட்டி பெட்டியாக நெகட்டிவ் இருந்தால் அந்த வழியில் போகாதீர்கள்.

மங்கலொளி

85-ஐ விக்காதீங்க. அதாவது இப்போதைக்கு விக்காதீங்க.

எடைக் கணக்கு முதல்ல. 85 எஃப்/1.8 470 கிராம், 50 எஃப்/1.8 415, 24-120-ம் மேக்ரோவும் ஆளுக்கு 630. நாலையும் தூக்கினா ரெண்டு கிலோவுக்கு மேல. ஆனா யாரும் நாலையும் ஒண்ணாத் தூக்கணும்னு இல்லை. நெகட்டிவும் மோதிரமும் மேசை மேல நடக்கற வேலை, மேக்ரோ அங்கேயே இருக்கட்டும். ஆட்களை எடுக்கப் போறப்ப 85. பையில இரட்டை, அலமாரியில இரட்டை, ரெண்டும் ஒண்ணு இல்லை.

85-ஐ விட்டா நீங்க இழக்கறது, ஜன்னல் ஓரத்துல அந்த ஒன்றேகால் ஸ்டாப். குழந்தையோ, பேசிட்டு இருக்கற ஆளோ அசையறப்ப 1/200 நொடிக்குக் கீழ போக முடியாது. அந்த இடத்துல மேக்ரோவுல இருக்கற விஆர் (அதிர்வு குறைக்கற வசதி) உதவாது. அது உங்க கை நடுக்கத்தைத்தான் பிடிக்கும், எதிர்ல இருக்கறவர் அசையறதைப் பிடிக்காது. உங்க கேமராவுக்குள்ளயே நிலைப்படுத்தி இருக்கறதால விஆர்ங்கறதுக்காகன்னு தனியா அந்த லென்ஸை வாங்கவும் காரணம் இல்லை. உள்ளே நிலைப்படுத்தி இல்லாத இசட் 50 மாதிரி கேமரா வச்சிருக்கறவங்களுக்கு அது பெரிய விஷயம்.

இன்னொண்ணு ஃபோகஸ். மேக்ரோவுக்கு ஓட வேண்டிய தூரம் அதிகம். மங்கின வெளிச்சத்துல ஒரு தடவை தவறவிட்டா முனைக்கு முனை போய்ட்டுத் திரும்பும். இந்த 105-ல இருக்கற ஃபோகஸ் எல்லை விசையில ரெண்டே நிலை: முழுசு, இல்லைன்னா 29 செ.மீ.லேருந்து 50 செ.மீ. வரைக்கும். கிட்டப் பகுதியைத் தவிர்த்துட்டு தூரத்துல மட்டும் தேடுன்னு சொல்ல வழி இல்லை. ஆட்களை எடுக்கறப்ப அந்த விசையால பயன் இல்லைங்கறது இதனாலதான்.

சட்டகம்

அறைக்குள்ள சுவர் கிட்ட இருக்கற கணக்கு மங்கலொளி சொன்னதுதான் சரி, என் 2.2 வெளியில எடுக்கறதுக்கு.

விக்கணும்னு முடிவா இருந்தா 85-ஐ விட 50-ஐ முதல்ல சந்தேகப்படுங்க. ஒரு சோதனை: ஜூம் 50-ல எஃப்/4, பிரைம் 50-ல எஃப்/4, ஒரே இடம், ஒரே வெளிச்சம், ட்ரைபாட். இப்படியே 5.6, 8-லயும் எடுங்க. கோப்புப் பெயரையும் தகவலையும் மறைச்சு, வேற யாரையாவது கலைச்சுக் கொடுக்கச் சொல்லி எது எதுன்னு பிரிச்சுப் பாருங்க. பிரிக்க முடியலைன்னா எஃப்/4-லேருந்து மேல ரெண்டும் உங்களுக்கு ஒண்ணுதான். அப்புறம் அந்த 50 நிக்கறது எஃப்/1.8-லேருந்து 3.5 வரைக்கும் எடுக்கற படங்களுக்காக மட்டும். அப்படி எத்தனை வச்சிருக்கீங்கன்னு மங்கலொளி சொன்ன வடிகட்டி காட்டிடும். இதையே 85-லயும் செய்ங்க.

ஃபில்டர் ஒரு சின்னச் செய்தி: மேக்ரோவும் 50-ம் 62 மி.மீ., 85-க்கு 67, ஜூமுக்கு 77. துருவ ஃபில்டர் 77-ல ஒண்ணு வாங்கி, 62-லேருந்து 77, 67-லேருந்து 77-னு ரெண்டு வளையம் போட்டுக்கலாம். ஆனா வளையம் மாட்டினா அந்த லென்ஸோட ஒளிமறைப்பு மூடியை மாட்ட முடியாமப் போகலாம், அதையும் பார்த்துக்கங்க.

மேக்ரோவை நேரா வாங்கறதுக்கு முன்னாடி ரெண்டு நாள் வாடகைக்கோ இரவலாகவோ கிடைச்சா எடுங்க. எடுத்ததும் ஆட்களைப் படம் பிடிச்சுப் பார்க்காதீங்க, அது எப்படியும் நல்லாத்தான் வரும். முதல் வேலையா ஒரு நெகட்டிவை 1:1-லயும், அதையே ஜூம்ல குழாயோடவும் எடுத்து, ரெண்டையும் நீங்க அச்சுப் போடற அளவுக்குப் பெருசாக்கிப் பக்கத்துல பக்கத்துல வைங்க.